தூங்காத வண்டி

காரில் ஏதாவது ஒரு பெரிய கோளாறு இருந்துவிடக் கூடாதா என்று அவள் வாசற்படியில் நின்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் விற்கிறவள் அவள்தான்.

வாங்க வந்த நர்ஸ் விவரமானவள். தேன் ஒழுகப் பேசினாலும் நம்பி வாங்குகிற ஆள் இல்லை. கையோடு ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தாள். அவர் இந்தப் பக்கத்து ஆளும் இல்லை, அந்தப் பக்கத்து ஆளும் இல்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

அவர் காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். துரு இல்லை. கதவு இடுக்குகளில் விரலை ஓட்டினார். அடிபட்டதை மறைத்துப் பெயின்ட் அடித்த வண்டியும் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் அவர் அட்டையில் டிக் போடப் போட, அவள் இன்னும் பலமாக வேண்டிக்கொண்டாள்.

எட்டு வருடச் சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய கார். இது போய்விட்டால், அக்கா வீட்டுக்குப் போவதென்றாலும் கணவன் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. அவனுக்கோ அக்காவைக் கண்டாலே ஆகாது.

விற்கச் சொன்னதும் அவன்தான். நாலு நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி செத்துவிடும். புதுசு மாற்றியும் அதே கதை.

"உள்ள லைட்ட அணைக்காம வந்திருப்ப. உனக்கெல்லாம் எதுக்கு காரு?"

அவன் சொல்லச் சொல்ல அவளும் நம்பிவிட்டாள். அணைத்துவிட்டுப் படியேறுவாள். சந்தேகம் வந்து மறுபடியும் இறங்கிப் போய்ப் பார்ப்பாள். அப்படியும் செத்துப்போகும். கடைசியில் தன் புத்தியையே நம்பாமல் போனாள்.

மற்றபடி பாசக்காரன், ஊரே சொல்லும். அவள் அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்குள் போன் அடிக்கும். எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்பான். மனசுக்கு மனசு பேசிக்கொள்கிறது என்று ஆபீசில் அவளே பெருமையடித்திருக்கிறாள்.

போன மாதம் கல்யாண நாளுக்குப் புது போன் வேறு. தானே உட்கார்ந்து ஆப் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தான். காரை விற்றுவிடலாம் என்று ஆரம்பித்ததும் அந்த வாரம்தான்.

மெக்கானிக் கடைசியாகப் பேட்டரிக்கு வந்தார்.

"வண்டி கொஞ்சம் தூங்கட்டும்" என்றார். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரியில் மீட்டரை மாட்டிவிட்டு மதில் நிழலில் உட்கார்ந்துகொண்டார். தூங்குகிற வண்டி கரண்ட் இழுக்கக் கூடாதாம்.

அரை மணி கழித்து எழுந்து வந்து பார்த்தார். மீட்டரில் எண் இறங்கவே இல்லை.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, கோளாறு!

அவர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். ஒன்றைப் பிடுங்கியதும் எண் சட்டென்று விழுந்தது. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போன கை, ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை உருவி எடுத்தது.

"வண்டி எங்க போகுது, எங்க நிக்குதுன்னு போனுக்குச் சொல்ற பெட்டி. ஒயரிங் தெரியாத ஆள் எவனோ மாட்டியிருக்கான். உங்க பேட்டரியத் தின்னது இதுதாம்மா."

நர்ஸ் அவளைப் பார்த்தாள். அவள் திரும்பி, வாசலில் நின்றிருந்த தன் கணவனைப் பார்த்தாள்.

திருட்டுப் பயத்துக்கு வைத்தது என்றான் அவன். முகம் துளிகூட வாடவில்லை. பெட்டியைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் முதலில் தன் மேல். மனசுக்கு மனசு பேசுகிறதாம்!

ஓட்டிப் பார்ப்பது பாக்கி இருந்தது. பழகின கை ஓட்ட வேண்டும், தான் பின்னால் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்க வேண்டும், அதுதான் மெக்கானிக்கின் வழக்கம். ஆள் கூடினால் சத்தம் சரியாகக் கேட்காது என்று கணவனை இருக்கச் சொல்லிவிட்டார். நர்ஸ் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

கணவன் கேட்டருகே நின்று கையசைத்தான். பெட்டி அவன் பையில் இருந்தது.

இரண்டு தெரு தாண்டியதும் ஒரு மருந்துக்கடை. அங்கே வலப்பக்கம் திரும்பினால் அக்கா ஊருக்குப் போகிற ரோடு. அவள் காரைக் கடை முன்னால் ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். பழக்கதோஷத்தில் காத்திருந்தாள்.

போன் அடிக்கவில்லை.

தான் நிற்கிற இடம் யாருக்கும் தெரியாது என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கார் தன் பெயரில்தானே இருக்கிறது. பேட்டரிக் கோளாறும் தீர்ந்தாயிற்று. எதற்காக விற்க வேண்டும்? மன்னித்துக்கொள்ளுங்கள் சிஸ்டர், இது விற்பதற்கில்லை என்று சொல்ல நர்ஸ் பக்கம் திரும்பி வாயெடுத்தாள்.

மடியில் புது போன் அடித்தது.

"மருந்துக்கடை வாசல்ல என்ன பண்ற? வண்டி மறுபடியும் நின்னுடுச்சா?"

குரலில் பாசம் வழிந்தது.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். பின்சீட்டுப் பக்கம் திரும்பி மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

"இதையும் கொஞ்சம் செக் பண்ணிப் பாருங்கண்ணா."