முதல் வெட்டு

நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்கிற தையல்காரி, அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்ததும் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அது கைமாறிக் கைமாறி அவள் நாற்காலிக்கும் வரப்போகிறது.

"பயப்படாதீங்க. வாரா வாரம் முதல் வெட்டு என்னோடதுதான்." கடனிலிருந்து மீள்வோர் சங்கத் தலைவி தன் கிரெடிட் கார்டை நறுக்கென்று இரண்டாக வெட்டிப் போட்டாள். கூட்டம் கைதட்டியது.

அடுத்து தையல்காரியின் ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி. இவளை இங்கே இழுத்து வந்ததே அவள்தான்.

"இந்தச் சனியனை இன்னியோட தலைமுழுகிட்டேன்!" என்று அவளும் வெட்டினாள். இன்னும் பலத்த கைதட்டல்.

தையல்காரிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஓர்ப்படி சுவரை அடைக்கிற டிவி வாங்கினாள் என்று இவளும் கார்டைத் தேய்த்தாள். அவள் குடும்பத்தோடு விமானம் ஏறினாள் என்று இவளும் தேய்த்தாள். இப்போது தைக்கிற கூலியெல்லாம் வட்டிக்கே போகிறது. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா?

ஆனாலும் நாளைக்குப் பள்ளிச் சீருடைக்குத் துணி எடுக்க அந்தக் கார்டை விட்டால் வேறு வழியில்லை. அந்த ஆர்டர் கைநழுவினால் மறுபடி வராது.

"என்னக்கா யோசிக்கிறீங்க? நானே வெட்டிட்டேன்ல?"

அந்த 'நானே' சுருக்கென்று தைத்தது. எல்லார் கண்ணும் அவள்மேல் இருந்தது. தேய்ப்பதில் சளைக்காதவள் வெட்டுவதில் மட்டும் சளைத்துவிடுவாளா? இரண்டு துண்டு போதாதென்று நாலு துண்டாக வெட்டினாள். கைதட்டலில் கண்ணீரே வந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கீழே காபிக் கடைக்கு இறங்கினார்கள். ஆளுக்கொரு காபி வந்தது.

"இன்னிக்கு என் செலவு!" என்று ஓர்ப்படி கைப்பையைத் திறந்தாள். பளபளவென்று ஒரு கார்டை எடுத்துக் கல்லாவில் நீட்டினாள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

"அடுத்த வாரம் என் முறை," என்று ஒரு வழுக்கைத் தலைக்காரர் தன் கார்டை எடுத்து ஆட்டிக் காட்டினார். சற்று முன்பு மேலே விம்மி விம்மி வெட்டியவர் அவர்.

 இதுகளோடு உட்கார்ந்து அழுதோமே என்று தையல்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது. காபியை அப்படியே வைத்துவிட்டு நேரே தலைவியிடம் போனாள்.

"மேடம், இந்த அக்கிரமத்தைக் கேட்க மாட்டீங்களா? மேல வெட்டுறாங்க, கீழ வந்து தேய்க்கிறாங்க! இருந்த ஒரே கார்டையும் வெட்டிட்டு, நாளைக்கு நான் துணிக்கு எங்க போவேன்?"

தலைவி வாயில் வைத்த காபியை இறக்கினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தாள்.

"ஐயையோ, காலாவதியாகாத கார்டையா வெட்டினீங்க?"