உள்ளானுக்கு இரண்டு கையெழுத்து

"சார், அந்தப் பாறைக்கு இடது பக்கம் பாருங்க. கரண்டிமூக்கு உள்ளான்!"

பல் டாக்டர் இப்படிப் பதறியும் சர்வேயர் அவசரப்படவில்லை. குளிருக்குக் காதை மூடியிருந்த மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, முக்காலியில் நின்ற தொலைநோக்கியிடம் நிதானமாக வந்தார். முப்பது வருஷம் நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எதிலும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார்.

போன வருஷம் குளிர்காலக் கணக்கெடுப்பிலும் இதே கடற்கரை, இதே பறவைதான். டாக்டர் பார்த்தார். சர்வேயர் திரும்புவதற்குள் அது பறந்துவிட்டது. அபூர்வமான பறவை என்றால் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பறவைச் சங்கத்தின் விதி.

"பார்க்காததுக்கு நான் எப்படிடா கையெழுத்துப் போடுவேன்?" என்றார் சர்வேயர்.

"அப்போ நான் பொய் சொல்றேனா?" என்றார் டாக்டர்.

இருபது வருஷத்து வாடா போடா அன்றோடு நின்றது. இந்த வருஷம் சங்கச் செயலாளர் வேண்டுமென்றே இருவரையும் மறுபடி ஜோடி சேர்த்து அனுப்பியிருந்தார். விடிந்ததிலிருந்து சர்வேயர் பேசியது நாலே வார்த்தை, அதில் இரண்டு 'சார்'. அந்த 'சார்' டாக்டருக்குச் சுருக்கென்று குத்தியது. வீடு திரும்புவதற்குள் அவரிடமிருந்து ஒரு 'டேய்' வாங்கிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"தெரியுதா?"

"தெரியுது." சர்வேயர் கண்ணை எடுக்கவில்லை. "அசையாம நிக்குதே."

"ராத்திரியெல்லாம் பறந்து வந்திருக்கும். அசதி."

"கிட்டப் போய்ப் பார்க்கட்டுமா?"

"ஐயையோ, பறந்துடும்!" டாக்டர் குறுக்கே கையை நீட்டினார்.

சர்வேயர் அந்தக் கையைப் பார்த்தார். "கட்டைவிரல்ல என்ன பிளாஸ்திரி?"

"பல் பிடுங்கும்போது ஒருத்தர் கடிச்சுட்டார்."

சர்வேயரின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில் டாக்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"காபி கொண்டு வந்திருக்கீங்களா?"

"ஸ்கூட்டர்ல இருக்கு. இதோ எடுத்துட்டு வரேன்!"

டாக்டர் ஓட்டமும் நடையுமாகப் போய் பிளாஸ்க்கோடு திரும்பினார். பாறைக்கு இடது பக்கம் வெறும் சேறுதான் இருந்தது. சர்வேயரின் பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"எங்கே அது?"

"கிட்டப் போனேன். பறந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பறந்துடுச்சா! அதெப்படி... நீங்க பார்த்தீங்களா?"

"நல்லாப் பார்த்தேன். கையெழுத்துகூடப் போட்டாச்சு." தோள்பையை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, சர்வேயர் கணக்கெடுப்பு நோட்டை நீட்டினார். "படிச்சுப் பார்த்துட்டு நீங்களும் போடுங்க."

டாக்டர் பிளாஸ்க்கை மணலில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கரண்டிமூக்கு உள்ளான், எண்ணிக்கை ஒன்று. பக்கத்தில் சர்வேயரின் கையெழுத்து அளந்து வைத்தது போல நேராக இருந்தது. அதற்கும் கீழே, குறிப்பு எழுதும் கட்டத்தில், பொடி எழுத்தில் இப்படி இருந்தது:

'டேய், இது மரம். வயிற்றுக்கு நீ பூசியிருப்பது என் கடைவாய்ப் பல்லை அடைத்த அதே வெள்ளைச் சிமெண்ட். பறவை இப்போது என் பையில் இருக்கிறது, திருப்பித் தர மாட்டேன்.'