காத்து வருதா?

கடைக்காரர் அடுப்பு பற்றவைக்கிற லைட்டரை லூர்துநாதனின் முகத்துக்கு நேரே நீட்டித் தட்டுகிறார். பொறி பறந்ததும் வெல்டிங் ஹெல்மெட்டின் கண்ணாடி தானாகக் கறுத்து மறுபடி வெளுக்கிறது. "இன்னொரு தடவ அடிங்க" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. இது ஒன்பதாவது தடவை. புதுக்கோட்டை வெயில் ஷட்டரைத் தாண்டிக் கடைக்குள் விழுகிறது; மரிய செல்வி முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள். அவள் கண்ணாடிக்காக வரவில்லை. எட்டு மாதமாகக் கணவரைத் தூங்கவிடாத இருமலுக்காக வந்திருக்கிறாள். ரெண்டு வாழைப்பழம் தின்றால் வெல்டிங் புகை முறிந்துவிடும் என்கிற மனிதரை அன்னவாசலிலிருந்து பஸ் ஏற்றி இழுத்து வந்திருக்கிறாள். ஹெல்மெட்டின் பின்னால் தொங்கும் தடித்த குழாய், மூச்சுக்குக் காற்று அனுப்ப இடுப்பில் கட்டியிருக்கிற மோட்டாரில் போய் முடிகிறது. அதை மட்டும் இரண்டு ஆண்களும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"கண்ணாடி கெடக்கட்டும். உள்ள காத்து வருதாங்க?"

ஹெல்மெட் வேகமாக ஆடுகிறது. "வருது, வருது. ஜில்லுன்னு வருது. கெளம்புவோம், சைட்ல ஆளுக நிக்கிறாங்க."

மரிய செல்வி கடைக்காரரைப் பார்க்கிறாள். கடைக்காரர் லைட்டரைப் பார்க்கிறார். மேஜையில், பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல், அந்த மோட்டாரின் பேட்டரி கிடக்கிறது. அவள் அதை எடுத்துக் கணவரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்குகிறாள். ஹெல்மெட்டுக்குள் இருமல் தொடங்குகிறது. இந்தத் தடவை யாரும் லைட்டரைத் தட்டவில்லை; அவர் மூச்சே படர்ந்து கண்ணாடி மங்குகிறது.