அட்டை இருந்தால்தான் வேலை

“பொய் சொல்லாதை பிள்ளை. நேற்று ஊசி போட்டனியோ, இல்லையோ?”

பேசாலை நண்டுக் கொம்பனியின் மேற்பார்வையாளர் சிங்கராசா, அன்ரோனெற்றின் தடுப்பூசி அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை, திகதி, கையெழுத்து எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

கொரோனா ஊசி போடாதவர்களுக்கு வேலை இல்லை என்று முதலாளி நோட்டீஸ் ஒட்டிய அன்று, “எங்கட உடம்பில ஊசி குத்தச் சொல்ல முதலாளி ஆர்?” என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டவள் இவள். அப்படிப்பட்டவள் நேற்றுக் கோயில் மண்டபத்தில் வரிசையில் நின்று கையை நீட்டினாளாம்! யாரிடம் கதை விடுகிறாள்?

“கேள்விதானே கேட்டனான் அண்ணை. போடமாட்டன் எண்டு சொல்லேல்லையே. மூண்டு பிள்ளையளோட இந்த வேலையை விட்டிட்டு எங்க போறது?”

“எந்தக் கையில போட்டது?”

“இடக்கையில.”

“அப்ப வலக்கையும் ஏன் தூக்க ஏலாமல் கிடக்கு? காலமை துவக்கம் ஒரு நண்டுத் தட்டுக்கூட நீ தூக்கேல்லை.”

அன்ரோனெற் வலக்கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அகப்பட்டாள் கள்ளி என்று சிங்கராசாவுக்கு உள்ளூரச் சந்தோசம்.

நேற்று வேலைக்கு நடுவில்தான் பெண்களைப் பேருந்தில் ஏற்றிப் போனார்கள். எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே மாஸ்க், கண் மட்டும்தான் வெளியே. தாதியும் பெயரைக் கேட்டாள், பட்டியலில் கோடு போட்டாள், குத்தி அனுப்பினாள். நாற்பத்திரண்டு பேரும் போட்டாயிற்று என்று முதலாளிக்கு எழுத்தில் கொடுத்தவர் சிங்கராசா. ஒருத்தி ஏமாற்றினாலும் அவர் தலைதான் உருளும்.

“எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ? உன்ர பேரைச் சொல்லி வேற ஆரோ போட்டிருக்கினம். நீ சும்மா நோகுதெண்டு நடிக்கிறாய். அங்க என்ர மனிசியைப் பார். ஊசியெண்டாலே நடுங்கிறவள், நேற்றுப் போட்டிட்டு இண்டைக்கு ஒரு காய்ச்சல், ஒரு நோவு இல்லாமல் நண்டு உடைக்கிறாள்!”

தள்ளியிருந்த மேசையில் அவர் மனைவி றோசம்மா தலையை இன்னும் குனிந்துகொண்டாள்.

“வா, முதலாளியிட்டப் போவம். இண்டையோட உனக்கு இங்க வேலை இல்லை.”

அன்ரோனெற்றுக்குக் கண் கலங்கிவிட்டது. றோசம்மாவை ஒருதரம் பார்த்தாள். அந்த மனுசி நிமிரவேயில்லை. பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னாள்.

“வலக்கையில போட்டது உங்கட மனிசியின்ர ஊசி, அண்ணை.”