மூன்று வாரத்தில் நாற்பது பாடம்

"மூணு வாரம் போதும் சார். நாற்பது பாடத்தையும் பதிவு பண்ணிக் குடுத்துடுறேன்" என்றார் பேராசிரியை.

கல்லூரி இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காதில் விழுந்தது சரிதானா என்று அவருக்குச் சந்தேகம்.

நிர்வாகவியல் கல்லூரி அது. கம்பெனி மேலாளர்களுக்காக ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சி வகுப்பை இருபத்திரண்டு வருடமாக நடத்தி வருபவர் பேராசிரியை. ஒரு காலத்தில் அறுபது இடத்துக்கு இருநூறு பேர் விண்ணப்பித்தார்கள். போன தடவை வந்தது பத்தொன்பது பேர். அதிலும் ஏழு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். வேலையைப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் வகுப்பில் உட்கார இப்போது எந்தக் கம்பெனியும் ஆள் அனுப்புவதில்லை.

இணையவழிக்கு மாற்றலாம் என்று இயக்குநர் மூன்று வருடமாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டார். "கேமராவைப் பாத்துப் பேச நான் என்ன செய்தி வாசிக்கிறவளா?" என்று தட்டிக் கழித்தவர் இதே பேராசிரியைதான். இன்று அவரே வந்து நிற்கிறார், அதுவும் கெடுவோடு.

வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறதே, ஆற அமரச் செய்யலாமே என்றார் இயக்குநர். பேராசிரியை ஒப்பவில்லை. வாரம் ஒருமுறை நேரலையில் வந்து மாணவர்களோடு பேச வேண்டும் என்றதற்கும் மறுத்துவிட்டார்.

"கேள்வியை எழுதி அனுப்பட்டும். ஒவ்வொருத்தருக்கும் நானே பதில் எழுதுறேன்."

"நேர்ல பேசினா நல்லாயிருக்குமே மேடம்?"

"பேசினா காத்துல போயிடும் சார். எழுதினா அவங்க கையில இருக்கும்."

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. பாதியில் நின்ற ஏழு பேரையும் முதலில் தொலைபேசியில் பிடித்தார். ஏன் நின்றீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன குறைகளை ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார். துணி ஆலையில் ஷிப்ட் மேலாளராக இருக்கும் பெண், தனக்கென்று கிடைப்பது சாப்பாட்டு இடைவேளையில் கால் மணி நேரம்தான் என்றார். மூன்று மணி நேர உரைகளெல்லாம் பன்னிரண்டு நிமிடத் துண்டுகளாயின. வருடக்கணக்கில் கைதட்டல் வாங்கிய உதாரணங்கள் குப்பைக்கூடைக்குப் போயின. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு வேலை வைத்தார்: இன்று கற்றதை நாளைக்கே அலுவலகத்தில் செய்து பார்த்து, நடந்ததை எழுதி அனுப்ப வேண்டும்.

பழைய நாற்காலிகள் அடைத்துக் கிடந்த அறை ஒன்றைக் காலி செய்து கேமரா வைத்தார்கள். முதல் நாள் பழக்கதோஷத்தில், "கடைசி வரிசையில என்ன பேச்சு?" என்று பேராசிரியை கேமராவை அதட்ட, ஒளிப்பதிவாளர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். மூன்றாம் நாளிலிருந்து அந்தத் தடுமாற்றம் இல்லை. கேமராவுக்குப் பின்னால் அந்த ஆலைப் பெண் கையில் டப்பாவோடு உட்கார்ந்திருப்பதுபோல் நினைத்துக்கொண்டு பேசினார்.

ஆசிரியர் அறையில் கிசுகிசுப்பு கிளம்பியது. போட்டிக் கல்லூரியிலிருந்து அவருக்கு அழைப்பு வந்திருக்கிறதாம். போகுமுன் தன் முகத்தை எல்லாருக்கும் காட்டிவிட்டுப் போகத்தான் இத்தனை அவசரமாம். இயக்குநர் நம்பவில்லை. ஆனால் பேராசிரியை மதியத்தில் யாரோடும் சேர்ந்து சாப்பிட வராததும், நலம் விசாரித்தால் ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வதும் அவர் மனதை அரித்தன.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள், அன்றைய நான்காவது பாடத்தின் நடுவில் பேராசிரியைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காலையிலிருந்து ஓயாமல் பேசினால் யாருக்குத்தான் கட்டாது? ஒளிப்பதிவாளர் விளக்கை அணைக்கப் போனார்.

"மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கலாம் மேடம்."

"இல்லப்பா, இன்னிக்கே பேசிடுறேன்."

வெந்நீர் குடித்துவிட்டு, அதே பாடத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

சொன்ன கெடுவில், மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை மதியம் நாற்பதாவது பாடம் முடிந்தது. பதிவாகியிருந்ததில் இரண்டு பாடத்தை இயக்குநர் உட்கார்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் பேராசிரியை இவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியதில்லை. அதுவே இயக்குநரின் பயத்தையும் கூட்டியது. நேராக அந்த அறைக்கே போய்க் கேட்டுவிட்டார்.

"எங்களை விட்டுப் போறீங்களா மேடம்?"

"எங்க போறது சார்? இங்கதான் இருப்பேன்."

சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தார். ராஜினாமாவேதான் என்று நினைத்துப் பிரித்தார் இயக்குநர். உள்ளே இருந்தது விடுப்புக் கடிதம்.

'தொண்டையில் புற்றுநோய். திங்கட்கிழமை குரல்வளையை எடுத்துவிடுகிறார்கள். முன்பே சொல்லியிருந்தால் என்னைப் பேச விட்டிருக்க மாட்டீர்கள். ஒரு மாத விடுப்பு போதும். வகுப்பு தொடங்கும் அன்று பதில் எழுத வந்துவிடுவேன்.'