ஆமென் சொல்வதற்குள் ஒரு துணிப்பூ

"பாட்டெல்லாம் வேணாம். பொண்ணை ஒரு பூ தெச்சுக் காட்டச் சொல்லுங்க, போதும்."

பெண் பார்க்கச் சித்தூரிலிருந்து நகரிக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா ஞானம்மாள், பையிலிருந்த போர்வையை உதறி விரித்தாள். போர்வை முழுக்க, வட்டமாக வெட்டிய துணியை ஓரத்தில் நூலோட்டிச் சுருக்கினால் வருகிற பூக்கள். குறைந்தது முந்நூறு இருக்கும்.

"சர்ச்சுல அறுப்புப் பண்டிகை ஏலத்துல வருஷா வருஷம் எங்க வூட்டுப் போர்வைக்குத்தான் அடிதடி. எங்களுக்கு வர்ற மருமவளுக்கு இது வந்தே ஆவணும்."

மணப்பெண் கிருபாபாய், அவள் நீட்டிய துண்டுத் துணியையும் ஊசி நூலையும் வாங்கிக்கொண்டாள். ஊசியை எடுத்தால் அவள் குத்துவது தன் விரலைத்தான். ஆனால் மாப்பிள்ளை அசரியாவை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதே! போயும் போயும் ஒரு துண்டுத் துணிக்காகவா இவரை விடுவது?

அசரியாவோ விரலில் பிளாஸ்திரியோடு எதிர்ப்பாயில் பரம சாதுவாக உட்கார்ந்திருந்தான்.

"ஜெபம் முடியறதுக்குள்ள தெச்சுடு, கண்ணு" என்றாள் ஞானம்மாள்.

கூட வந்த போதகர் எழுந்து ஆதாம் ஏவாளிலிருந்து தொடங்கினார். அவர் ஜெபம் ஆரம்பித்தால் ஸ்டேஷனில் இரண்டு ரயில் வந்து போகும் என்று பெயர். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கிருபாபாய் பொடிப்பொடியாகத் தையல் போட்டு நூலை இழுத்தாள். பூ மூடவே இல்லை. நடுவில் எட்டணா அகலத்துக்கு ஓட்டை வாயைப் பிளந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சட்டென்று ஒரு கை துணியைப் பிடுங்கியது. அசரியா!

"பொடித்தையல் போட்டா ஓட்டை பெருசாப் பூடும். நீட்டு நீட்டா போடணும்" என்று கிசுகிசுத்தபடியே பழைய நூலை உருவிப் போட்டான். பத்துப் பன்னிரண்டு தையலில் வட்டத்தைச் சுற்றி வந்து ஒரே இழுப்பு. பூ கப்பென்று மூடிக்கொண்டது.

போதகர் "ஆமென்" என்றபோது அது அவள் மடியில் இருந்தது.

ஞானம்மாள் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அட, அச்சு அசல் எங்க வூட்டுப் பூவேதான்! பொண்ணு எங்களுக்குப் புடிச்சுருக்கு."

கிருபாபாய்க்குச் சந்தோஷமும் திகிலும் சேர்ந்தே வந்தன. எல்லோரும் கிளம்பும்போது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அசரியாவிடம் மெல்லக் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் அத்தை பக்கத்துல ஒக்காந்து தெக்கச் சொன்னா மாட்டிக்குவேனே, இன்னா பண்றது?"

பிளாஸ்திரி விரலை உதட்டில் வைத்து, அவன் குனிந்து சொன்னான்:

"உஷ்! எங்கம்மாவுக்கு ஊசில நூலே கோக்க வராது."