கீரி மேலே வைத்த வரி

வறட்சிக் காலத்தில் நாலு பேருக்கு உதவட்டும் என்று கீரி ஒரு செயலி எழுதியது. எந்தக் குட்டையில் தண்ணீர் இருக்கிறது என்று கேட்டால் போதும், வழி சொல்லிவிடும்.

முதல் ஆளாக யானை தன் குட்டியோடு வந்து கேட்டது. "மன்னிக்கவும், நீங்கள் தேடுவது இந்தக் காட்டிலேயே இல்லை" என்று பதில் வந்தது.

"உங்க தும்பிக்கை தப்பா அழுத்தியிருக்கும் அக்கா" என்றது கீரி. பிறகு சிக்னல் சரியில்லை என்றது. சர்வரை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தது. அதற்குள் யானைக்குட்டி நாக்கு வறண்டு படுத்துவிட்டது.

"கேட்டு முடிக்கிறதுக்குள்ள இல்லைங்குதே தம்பி, கேள்வியைப் படிக்குதா?" என்றது யானை.

கீரிக்குச் சுருக்கென்றது. செயலிக்குப் பதில் தெரியாத கேள்விக்கென்று கடைசியில் வைக்கவேண்டியது அந்த 'மன்னிக்கவும்' வரி. அழகாக அமைந்துவிட்டதே என்று எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தது. மேலிருந்து படிக்கும் செயலி, வந்த கேள்வியையெல்லாம் அங்கேயே திருப்பி அனுப்பியிருக்கிறது.

சத்தம் காட்டாமல் வரியைக் கீழே இறக்கியது. குட்டைக்கு வழி வந்தது.

"சிக்னல் வந்துடுச்சு அக்கா" என்றது கீரி.

யானையும் குட்டியும் போனபின் தானும் ஒன்று கேட்டுப் பார்த்தது. "இந்தக் காட்டில் வடிகட்டின முட்டாள் யார்?"

"மன்னிக்கவும், நீங்கள் தேடுவது இந்தக் காட்டிலேயே இல்லை."

என்ன இருந்தாலும் நல்ல வரிதான் என்று நினைத்துக்கொண்டது கீரி.